பொடியும் குழலும்

விரலிற் கத்திபட்டுக் குருதி பெருகுங்கால் நம் பாட்டிமார் அடுக்களைக்கு ஓடிக் காப்பித்தூளையோ மஞ்சட்பொடியையோ அள்ளிவந்து அப்பி அழுத்துவர். அது நன்றோ தீதோ என்பதை மருத்துவர் ஆராய்க. பொடி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய இடத்திற் குருதி கட்டும் என்னும் பட்டறிவு அச்செயலில் உண்டென்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது. ஆயின் புண் விரலில் இன்றி இரைப்பையின் உட்சுவரில் இருப்பின் யாது செய்வது? ஆங்குப் பொடி தூவுங் கை எது? தமிழ் பயில்வானுக்கு இவ்வினாவில் என்ன வேலை என்று அறிவியல் வகுப்பு நண்பர் நகைக்கக்கூடும். சென்ற கோடை விடுமுறையில் என் தாத்தா இரத்தம் இரத்தமாய்க் கக்கிய இரவில் அவ்வேலை எனக்குத் தானே வந்து சேர்ந்தது.

அவர் முழங்கால் வலிக்காகக் கடையில் தாமே மாத்திரை வாங்கிப் பல திங்கள் வெறும் வயிற்றில் விழுங்கி வந்தவர். அத்தகைய வலிநீக்கி மாத்திரைகள் இரைப்பையிற் புண் உண்டாக்கும் என்பதை வீட்டில் ஒருவரும் அறிந்திலோம். மலம் தார்போற் கறுத்துச் சென்றதையும் அவர் நாணி மறைத்துவிட்டார். அன்றிரவு எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள மருத்துவமனையில் மருத்துவர் எண்டாஸ்கோப் என்னும் அகநோக்குக் குழாயை உட்செலுத்திப் பார்த்தார். பார்த்தார் என்பதினும் பார்க்க முயன்றார் என்பதே பொருந்தும். உள்ளெல்லாம் குருதி. ஊசிமருந்து செலுத்தினார், கவ்வி ஒன்று இட்டார், அது வழுவிற்று. இரண்டு மணி நேர வழியிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு வண்டியில் அனுப்பினார். தாத்தா பிழைத்தார். பின்னொரு நாள் அம்மருத்துவரைக் கண்டு வினவியபோது, "தம்பி, புண்ணின் வாய் எங்கே என்று தெரிந்தால் அல்லவா அதைக் கவ்வலாம்? இதற்கென்றே ஒரு பொடி வந்திருக்கிறது. எங்கள் அலமாரியில் இல்லை" என்றார்.

அப்பொடியைப் பற்றி அன்றுமுதல் தேடிப் படித்தேன். அதற்கு ஹீமோஸ்ப்ரே என்று பெயர். பெண்டோனைட்டு என்னும் களிமண் வகையினின்று ஆக்கியது. மண்தான் மருந்து! ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோசப் சங் என்பாரும் அவர்தம் குழுவினரும் இரைப்பைப் புண்ணால் குருதி ஒழுகிய 20 பேருக்கு அதனைத் தூவிப் பார்த்து, 19 பேரிடம் ஒழுக்கு உடனே நின்றதென 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2018ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கு இசைவளித்தது. பொடி குருதியிலுள்ள நீரை உறிஞ்சி வீங்கிப் பிசின்போற் புண்ணின்மேற் படிகிறது. குருதியை உறையச் செய்யும் பொருள்களும் அவ்விடத்தே செறிவுறுகின்றன. சில நாட்களில் அப்படலம் தானே உதிர்ந்து குடல்வழி வெளியேறும். புண்ணின் வாயை நுணுகித் தேட வேண்டுவதில்லை. ஒழுகும் பரப்பின்மேல் தூவினாற் போதும். தாத்தாவின் மருத்துவர்க்கு அன்று கிட்டாதது இவ்வொன்றே.

எல்லாரும் பொடியையே புகழ்கின்றனர். என் கருத்தோ வேறு. அரிய பகுதி பொடியன்று. அதனை ஏந்திச் செல்லுங் குழலே. அகநோக்குக் குழாயினுள் இருக்கும் குறுகிய புழையின் வழியே, ஏறத்தாழ 2.3 அல்லது 3.3 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, கரியமில வாயுவின் விசையால் பொடியை வீசுகின்றனர். அக்குழல் ஆள் உயரத்தினும் நீண்டது. அதன் முனை குருதி நிறைந்த இடத்தில் நிற்றல் வேண்டும். ஆயினும் உள்ளே ஒரு துளி ஈரமும் புகலாகாது. புகுந்தாற் பொடி குழலினுள்ளேயே பிசினாகி அடைத்துவிடும். புண்ணில் எக்குணம் உயிர் காக்கின்றதோ அக்குணமே குழலிற் பகையாகின்றது. ஆதலின் முதலிற் புழையைக் காற்றூதி உலர்த்துகின்றனர். குழல் உள்ளிருக்கையில் குருதியை உறிஞ்சி இழுத்தலைத் தவிர்க்கின்றனர். முனையைச் சுவரிற் படாது ஓரிரு சென்டிமீட்டர் விலக்கிப் பிடிக்கின்றனர். நள்ளிரவில், நோயாளி குமட்டி நெளியுங்கால், ஒரு மருத்துவரும் ஒரு செவிலியுமாக இவற்றையெல்லாம் செய்க என்பது சொல்ல எளிது.

இத்தொல்லையைத் தீர்க்கச் சிலர் முயன்றுள்ளனர். எண்டோகிளாட் என்னும் மாவுச்சத்துப் பொடியின் கருவி குழலிற் காற்றை இடையறாது ஓடவிட்டு ஈரம் ஏறாமற் காக்கின்றது. அது நன்முறையே, ஆனால் காற்றெக்கி ஒன்றும் உடன் வேண்டும். கொரியாவிலோ குருதியை நம்பாது நீர் பட்டாலே கூழாகி ஒட்டும் பொடியொன்றை ஆக்கினர்.

போர்க்களத்து வரலாற்றையும் கருவி வனைவோர் மறத்தலாகாது. 2002இல் இசைவு பெற்ற குயிக்கிளாட் என்னும் கல்மணித் தூள் ஈரம் உறிஞ்சுங்கால் வெப்பம் கக்கிச் சதையைச் சுட்டது. பின்பு வேறொரு களிமண் தோய்ந்த துணிப்பட்டை அதனிடத்தைப் பற்றிற்று. வூண்ட்ஸ்டாட் என்னும் மண்தூளை 2009இல் அமெரிக்கப் படைத்துறை நிறுத்தியது. அது குருதிக்குழாயினுட் புகுந்து உறைவை உண்டாக்கக்கூடும் என்று விலங்குகளிடம் நடந்த ஆய்வில் தெரிந்தமையால். அடைப்பை நீக்க விசையை விருப்பம்போற் கூட்டலாம் என்பார்க்கு இவ்வொன்று போதும். குடலில் ஓட்டை விழுந்தார்க்குப் பொடி ஊதுதலும் விலக்கப்பட்டுள்ளது.

"சில நாட்களில் உதிர்ந்து போவதற்கு இத்துணை ஆரவாரமோ?" என்று இயற்பியல் பயிலும் என் அறைத்தோழன் வினவினான். வினா நேர்மையானதே. 2022ஆம் ஆண்டில் வெளியான பல மருத்துவமனைகளின் ஆய்வொன்றில் 224 பேர் இரு பிரிவாயினர். பொடி பெற்றாருள் நூற்றுக்கு 90.1 பேரிடமும், ஊசி கவ்வி முதலிய வழக்கமான முறை பெற்றாருள் 81.4 பேரிடமும் குருதிப்பெருக்கு 30 நாளளவும் அடங்கியிருந்தது. ஆயின் ஒருமுறை நின்றபின் மீண்டும் ஒழுகினார் தொகை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே பொடியின் சிறப்பு முதலில் நிறுத்துதலில் உளது. நெடுநாட் காவலில் அன்று. அதனை நான் மறுக்கவில்லை. தாத்தாவுக்கு வேண்டியிருந்ததோ நெடுநாட் காவலன்று, வண்டியிற் செல்லும் இரண்டு மணி நேரம்.

இனி என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். இக்கருவி பெரும் மருத்துவமனையிலுள்ள கைதேர்ந்த மருத்துவரை மனத்திற்கொண்டே வனையப்பட்டுள்ளது. அவரிடமோ ஊசியும் கவ்வியும் பழகிய கையும் முன்னரே உள. பொடி மிகுதியும் வேண்டுவது சிற்றூர் மருத்துவமனைக்கு. ஒரு கருவியில் 20 கிராம் பொடி. பாதி செலவாயினும் மறுபாதி குப்பைக்கே. இடையிற் குழல் அடைத்துக்கொண்டால் வேறு குழல் மாட்ட வேண்டும். அதற்குள் கணங்கள் கழியும். குறைந்த அளவுப் பொடியடைத்த சிறு கருவியும், முனையில் ஈரம் புகாது தானே மூடிக்கொள்ளும் வாயும், ஐப்பசி மழைக் காற்றிலும் கட்டியாகாத உறையும் ஆகாதவை அல்ல. வனைவோர் தம் கருவியைக் குளிரூட்டிய அறையில் மட்டும் சோதியாது, எங்களூர் போன்றதோர் ஊரில் மழைக்காலத்தில் ஓர் இரவு சோதித்துப் பார்க்கட்டும்.

தாத்தா அம்மாத்திரைகளை விட்டுவிட்டார். முழங்கால் வலி அவரை விடவில்லை. பொடிக் கதையை நான் விரித்துரைத்தபோது எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் உன் பாட்டியின் காப்பித்தூள் தப்பில்லை என்கிறாயா?" என்று கேட்டார். இல்லை தாத்தா, அது வேறு இது வேறு என்று நான் தொடங்குமுன் அவர் உறங்கிவிட்டார்.