நுழைவாயிலில் தொலையும் குரல்

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியில் உள்ள நாவுல போன்ற ஊர்களிலும் பழைய கசட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 16 பிட்டா 24 பிட்டா என்பதுதான். கேள்வியே பிழை. நல்ல கசட்டின் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 60 டெசிபெல். 16 பிட் 96 டெசிபெல்லைத் தாங்கும். குரல் கெடுவது அதற்கு முன்னால், ஒலிச் சில்லுக்குள் மின் அலை நுழையும் சுற்றில். மடிக்கணினியின் மைக் துளை மில்லிவோல்ட்டுகளுக்காக அமைந்தது. அதில் பிளேயரின் லைன் அவுட்டை நேரே செருகினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். இரண்டு தடையிகளால் மின்னழுத்தத்தைக் குறைத்தாலே போதும். நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவியிலும் கவனம் வேண்டும்: 10 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு 1 மைக்ரோபரட் போட்டால் வெட்டு எல்லை 16 ஹேர்ட்ஸ், 0.1 போட்டால் 159. ஆண்குரலின் அடிநாதமே அதற்குக் கீழே மெலிந்துவிடும்.

மென்பொருள் சரிசெய்யாதா என்பார்கள். இரைச்சலைக் குறைக்கும், வெட்டுண்ட உச்சியை ஊகிக்கத்தான் முடியும். யூஎஸ்பி பெட்டி வாங்கலாமே என்பது நியாயமான பேச்சு. ஆனால் அதற்குள்ளும் இதே சுற்றுத்தான், மலிவானதில் மட்டமாக. ஏட்டை மின்மயமாக்குவதும் நாடாவை மின்மயமாக்குவதும் ஒன்றல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்தது. மங்கிய பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்யலாம். காந்தத் துகள் உதிரும் நாடாவோ இன்னொருமுறை ஓடும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே மலையகத்தின் காமன் கூத்துப் பதிவுகளை மின்மயமாக்கப் புறப்படுவோருக்கான பயிற்சி, மென்பொருளுக்கு முன் பற்றாசு வைப்பதில் தொடங்கட்டும்.