உழைத்த வண்டியின் தழும்புகள்

பழமையைப் பேணுதல் வேறு. பழமைக்குப் பொற்பூச்சுப் பூசுதல் வேறு. நாணயம் சேகரிப்போர் இதனை நன்கறிவர். தேய்ந்த நாணயத்தைத் துலக்கிப் பளபளக்கச் செய்தால் அதன் மதிப்புக் குறையும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். ஆனால், பழைய மோட்டார் வாகனங்களைச் சேகரிப்போரிடையே, சிறப்பாகப் பாரஞ் சுமந்த சிறு பிக்கப் வண்டிகளைத் தேடிச் சேர்ப்போரிடையே, இத்தெளிவு போதியளவு இல்லையென்றே கருதுகிறேன். இங்கிலாந்தின் மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் கார் 1948 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1953 இல் அதன் வழியிலே வானும் பிக்கப்பும் தோன்றின. ஐந்து அந்தர், அதாவது கால் தொன், பாரம் ஏற்றுவதற்கென அவை அமைக்கப்பட்டன. காருக்கு அதன் உடலே எலும்புக்கூடாகவும் இருந்தது. பாரவண்டிக்கோ பின்புறத்திலே தனியான அடிச்சட்டம் கொடுக்கப்பட்டது. முன்பாதி கார், பின்பாதி லொறி என்று சொல்லலாம். தொடக்கத்தில் 803 கன சென்ரிமீற்றராக இருந்த எஞ்சின் 1956 இல் 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் வளர்ந்தது. 1971 இன் இறுதியோடு இவ்வண்டிகளின் உற்பத்தி நின்றது.

குடும்பக் காருக்கும் இவ்வண்டிக்கும் விதி ஒன்றன்று. காரைத் துடைத்துக் கொட்டிலில் நிறுத்துவார்கள். பிக்கப்போ மணலையும் மரத்தையும் சுமந்து மழையில் நிற்கும். உழைத்து ஓய்ந்ததும் பழைய இரும்பாகப் போய்விடும். அது அடிபடும் என்பதைப் பயன்படுத்தியோரும் உணர்ந்திருந்தனர். பிரித்தானிய அஞ்சற் சேவையின் தொடக்ககால மைனர் வான்களுக்கு முன்புற மட்காப்புகள் இறப்பரினாலேயே செய்யப்பட்டிருந்தன! ஆகவே, இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பழைய பிக்கப்பும், தம் வாழ்வைப் பற்றி ஒரு வரிதானும் எழுதிவைக்காத கொத்தர், தச்சர், கமக்காரர் ஆகியோரின் உழைப்புக்குச் சாட்சியாகும்.

அந்தச் சாட்சியை நாம் என்ன செய்கிறோம்? நெளிவை நிமிர்த்துகிறோம், கதவிலே மங்கிக் கிடந்த கடைக்காரரின் பெயரைச் சுரண்டி எறிகிறோம், பாரம் உராய்ந்து தேய்ந்த தட்டிலே கண்ணாடிபோல வர்ணம் பூசுகிறோம். பின்னர், கீறல் விழுமே என்று அஞ்சி ஒரு மூடை அரிசியைத்தானும் அதில் ஏற்றுவதில்லை. செல்லரித்த ஏட்டிலே விடுபட்ட அடியைத் தாமே பாடி நிரப்பும் பதிப்பாசிரியரை நாம் ஒப்புக்கொள்வோமா? வண்டியின் விடயத்தில் மாத்திரம் அதனைத் திறமை என்று போற்றுவது எவ்வாறு பொருந்தும்?

“துருவை விட்டுவைத்தால் வண்டியே மிஞ்சாதே” என்று சிலர் மறுப்பர். உண்மைதான். அடிச்சட்டம் உக்கினால் அதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்தத்தான் வேண்டும். இதற்கு நம் நாடே ஒரு நல்ல சான்று. 1976 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையமொன்றைத் தொடங்கிய சாள்ஸ் வெயர் என்பவர், கார் எறிந்துவிடும் பொருளன்று, பகுதி பகுதியாகத் திருத்தி நெடுங்காலம் ஓட்டத்தக்கது என்று வாதிட்டார். அக்கொள்கையின் தொடர்ச்சியாக, மைனருக்கான உடற்றகடுகள் 1990களில் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. மொறிஸ் மைனரைத் தெருவில் ஓடவைத்தே பழகிய நம்மவரின் கைத்திறன், அது பிறந்த நாட்டிலும் அதற்கு ஆயுள் கொடுத்தது. இதனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

ஆனால், ஓடுவதற்காகத் திருத்துவதும் ஒப்பனைக்காகத் திருத்துவதும் ஒன்றல்ல. புதிய தகடு வண்டியை மீண்டும் பாரஞ் சுமக்கச் செய்யுமாயின், அது அதன் வரலாற்றைத் தொடர்கிறது. உழைத்த அடையாளத்தை மறைப்பதற்கே பயன்படுமாயின், அவ்வரலாற்றை அழிக்கிறது. எதைப் புதுக்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று ஐயுறும் சேகரிப்பாளருக்கு இதுவே அளவுகோலாதல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விலை ஏற ஏற, இத்தகைய வண்டிகள் உழைப்பாளியின் கையைவிட்டு வசதி படைத்தோரின் கொட்டிலுக்குச் செல்கின்றன. அதைத் தடுத்தல் அரிது. எனினும், வாங்குவோர் முன்னைய சொந்தக்காரரிடம் அவ்வண்டி எங்கே ஓடியது, எதைச் சுமந்தது, எந்தக் கராஜில் யார் திருத்தினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாமன்றோ? கதவிலுள்ள பழைய பெயரை அப்படியே விடலாம். ஆண்டில் ஓரிரு நாளாயினும் அதில் பாரம் ஏற்றலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. முன்னே உழைத்தவர்மீது சிறிது மதிப்பு இருந்தாற் போதும்.