மூட்டையில் எழுதியிருப்பதை யார் படிப்பது?

புதுக் கோதுமை வந்து இறங்கும் ஏப்ரல், மே மாதங்களில் மும்பையில் நம் குடும்பங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஐம்பது கிலோ மூட்டை வாங்கிப் பங்கு போட்டுக் கொள்கின்றன. லோக்வன் என்ன விலை, ஷர்பதி என்ன விலை என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம். தின்பதற்கு வந்த தானியமா, விதைப்பதற்கு வந்ததா என்று மட்டும் கேட்பதில்லை.

விதைக் கோதுமையில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசுகிறார்கள். பார்த்ததும் தெரிவதற்காகச் சிவப்பு, இளஞ்சிவப்பு போன்ற சாயமும் சேர்க்கிறார்கள். உணவுக்கும் தீவனத்துக்கும் ஆகாது என்று மூட்டையில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு விதை விதிகள் சொல்கின்றன. சரி, அதைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் எப்படிப் படிப்பாள்? கடைக்காரர் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டால் அந்த எழுத்தும் போயிற்று.

இதை மொழிப்பற்றுப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். 1971-இல் ஈராக் அரசாங்கம் வறட்சிக்குப் பின் வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமை தருவித்தது. அது மெத்தில் பாதரசம் பூசியது. மெக்சிகோவிலிருந்து வந்த மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது; ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! அரபியும் குர்தியும் பேசும் குடியானவனுக்கு அது எப்படி விளங்கும்? பல ஊர்களுக்கு விதைப்பு முடிந்த பிறகே மூட்டை போய்ச் சேர்ந்தது. பசித்த ஜனங்கள் அரைத்து ரொட்டி சுட்டார்கள். அவர்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் அல்லர். கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோழி உடனே சாகவில்லை. கழுவிப் பார்த்தார்கள்; சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. வாரக்கணக்கில் கழித்துத்தான் கை கால் மரத்தது, கண் மங்கியது. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். இது அரசாங்கக் கணக்கு.

நம் நாட்டிலும் 1958-இல், பாரத்தியான் பூச்சிமருந்தோடு கப்பலில் ஏற்றிவந்த கோதுமை மாவைத் தின்று கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறக்கப் பத்தாண்டு ஆயிற்று.

ஆகவே வாங்கும்போது ஒரு பிடி அள்ளி ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினாலோ மருந்து நெடி அடித்தாலோ வாங்க வேண்டாம். "கழுவி வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சாயம் இல்லை என்பதனாலேயே நல்ல தானியம் என்றும் ஆகிவிடாது. மூட்டையை நம் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள்.

வண்டு வராமலிருக்க சல்பாஸ் மாத்திரை போடும் பழக்கம் இதைவிடக் கொடியது. ஈரம் பட்டால் அது பாஸ்பின் என்னும் விஷவாயுவைக் கக்கும். அந்த வாயு மூட்டைக்குள் நிற்காது. பத்துக்குப் பத்து கோலியில் மூட்டைக்குப் பக்கத்தில்தானே பிள்ளைகள் தூங்குகின்றன! மராட்டிய வீடுகளில் கோதுமைக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கிறார்கள். நன்றாகக் காயவைத்து, அப்படித் தடவி, இறுக மூடிய டின்னில் போட்டு வைக்கலாமே.

எல்லாப் பொறுப்பையும் தாய்மார் தலையில் கட்டுவதை நாம் ஏற்கக் கூடாது. விற்காமல் எஞ்சிய விதைத் தானியம் எங்கே போகிறது என்று வியாபாரியிடம் கணக்குக் கேட்க வேண்டியது அரசாங்கம். சங்கக் கிளைகள் அதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அதுவரை தமிழில் ஓர் அறிவிப்பு எழுதி, நம்மவர் மாவரைக்கப் போகும் சக்கி ஒவ்வொன்றிலும் ஒட்டலாம். எல்லார் வீட்டு டின்னையும் திறந்து பார்ப்பவர் சக்கிக்காரர்தானே. அவரிடமும் விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும்.