விரட்டியவர்களே வாரிசுகள்!

மணமாகி மூன்று திங்கள்கூட நிறையவில்லை. பாம்பு தீண்டிக் கணவன் மாண்டான். மருமகளுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்றாயிற்று; விரட்டினர். பிறந்தகம் வந்து சேர்ந்தாள். பெற்றோர் தலைவிதி என்று கூறித் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. படிக்க வைத்தனர். படித்தாள், பணியில் அமர்ந்தாள், உழைத்தாள், சேமித்தாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கைம்பெண்ணாகவே வாழ்ந்து, 1996-இல் கண்ணை மூடினாள். உயில் எழுதி வைக்கவில்லை. வங்கிகளில் வைப்புத் தொகை இருந்தது. சேமநிதியில் கணிசமான பணம் இருந்தது.

கதையல்ல, தோழர்களே! வடபுலத்தில் நடந்தது, உச்சநீதிமன்றம்வரை சென்ற வழக்கு. பெற்றெடுத்து, பேணி வளர்த்து, வாழ்விழந்து வந்தவளை மீண்டும் மடியில் ஏந்திய தாய், மகள் பணத்துக்கு வாரிசுரிமைச் சான்று கேட்டாள். உடனே வேறு சிலரும் வந்து நின்றனர். யார்? என்றோ மாண்டுபோன அந்தக் கணவனுடைய உடன்பிறந்தாளின் மக்கள்! "நாங்களே வாரிசு" என்றனர். 2009-இல் உச்சநீதிமன்றமும் "ஆம், நீங்களே" என்று தீர்ப்பளித்தது.

இது கடினமான வழக்குதான் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டனர். புக்ககத்தார் யாதோர் ஆதரவும் தரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இரக்கத்தை முன்னிட்டுச் சட்டத்துக்கு வேறு பொருள் கூறுவதற்கில்லை என்றனர். அவர்களை நொந்து பயனில்லை. ஏட்டில் உள்ளதைப் படித்தனர். ஏட்டில் ஏன் அப்படி உள்ளது என்பதல்லவா கேள்வி!

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவன் சொத்து யாருக்கு? எட்டாம் பிரிவு விடை தருகிறது: மனைவி, மக்கள், தாய் ஆகியோர் முதல் வரிசையில் ஒன்றாக நிற்கின்றனர். தாய்க்கு முதல் வரிசை! மகிழ்ச்சி. இனி, பெண் இறந்தால்? பதினைந்தாம் பிரிவு விடை தருகிறது: முதலில் மக்களும் கணவனும். அவர்கள் இல்லையேல், இரண்டாவதாகக் கணவனின் வாரிசுகள். அந்தப் பட்டியலில் ஒருவருமே இல்லை என்றால்தான், மூன்றாவதாகப் பெற்ற தாயும் தந்தையும்!

மகனைப் பெற்ற தாய்க்கு முதல் வரிசை. மகளைப் பெற்ற தாய்க்கு மூன்றாம் வரிசை. இருவரும் சுமந்தது பத்துத் திங்கள்தானே? மகள் என்றால் குறைத்துச் சுமந்தாளா?

ஆண் இறந்தால் அவன் சொத்து மனைவியின் தம்பிக்கோ, மனைவியின் அக்காள் மகனுக்கோ போவதுண்டா? கேட்டாலே சிரிப்பார்கள். பெண் இறந்தால் கணவனின் உடன்பிறந்தாள் மகனுக்குப் போகலாம், யாரும் சிரிப்பதில்லை.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் குறுக்கிடுவார்: "பெற்றோர் வழி வந்த சொத்தாயின், பிள்ளையில்லாது இறந்தவளின் தந்தையுடைய வாரிசுகளுக்கே திரும்பும் என்று விதிவிலக்கு இருக்கிறதே?" இருக்கிறது, மறுக்கவில்லை. கணவன் அல்லது மாமனார் வழி வந்தது, கணவன் பக்கம் திரும்பும். வந்த வழியே போகட்டும் என்பது கருத்து. சரி, அவள் உழைத்துச் சேர்த்தது எந்த வழி வந்தது? தந்தை வழியுமன்று, கணவன் வழியுமன்று. அவள் கை வழி வந்தது! அந்தப் பணத்துக்கு மட்டும் கணவன் வீட்டு வாசலைக் காட்டுகிறது சட்டம். பெண்ணுக்குத் தனியாகச் சம்பாதிக்கும் கை ஒன்று இருக்கக்கூடும் என்ற நினைப்பே, எழுதியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தாலி ஏறியதும் கோத்திரம் மாறிவிட்டது, குடி மாறிவிட்டது, ஆகவே பணமும் மாறட்டும் என்ற பழைய வைதிகக் கணக்கே, பாராளுமன்றத்தின் முத்திரையோடு வெளிவந்துவிட்டது.

அந்தச் சட்டமும் எளிதில் கிடைத்ததன்று. அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைச் சனாதனிகள் முடக்கினர். 1951-இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அது துண்டு துண்டாக நிறைவேறியது. அத்துண்டுகளில் ஒன்றே இது. அதற்கும் முன்னால், 1929-இல், செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டபோது ஏளனம் செய்தவர்கள் எத்தனை பேர்! அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கிருந்த பிறப்புரிமை, அதுவரை மணமாகாதிருந்த மகளுக்கும் கிடைத்தது. தில்லி அவ்வழிக்கு வர 2005 ஆயிற்று. ஆனால் 1989-இலும் சரி, 2005-இலும் சரி, பதினைந்தாம் பிரிவில் உள்ள இந்த வரிசையை எவரும் தொடவில்லை. பிறந்த வீட்டில் மகளுக்குப் பங்குண்டு என்றோம். மகள் ஈட்டியதில் பிறந்த வீட்டுக்குப் பங்குண்டா என்று கேட்க மறந்தோம்.

இந்தக் குறையைச் சட்ட ஆணையம் 2008-லேயே தன் 207-ஆம் அறிக்கையில் எடுத்துரைத்தது. பெண் தானே ஈட்டிய சொத்தை, கணவன் பக்கத்தார்க்கும் பெற்றோர் பக்கத்தார்க்கும் சேர்த்தே தரலாம் என்று பரிந்துரைத்தது. விரட்டியவருக்குப் பாதி ஏன் என்று நான் கேட்பேன். ஆனால் அந்தப் பாதியும் தாய்க்கு வந்து சேரவில்லை.

"உயில் எழுதி வைத்துவிட்டால் போயிற்று" என்பார்கள். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றமே பெண்களைப் பார்த்து அவ்வாறு கேட்டுக்கொண்டது. நல்ல யோசனைதான், எழுதுங்கள், தாய்மாரே! முத்திரைத் தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெற்றால் போதும். வங்கியில் நாமினி பெயர் கொடுத்திருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான். அவரே வாரிசு என்று ஆகிவிடாது.

ஆனால், எழுதத் தெரியாதவள்? எழுதுமுன் விபத்தில் மாண்டவள்? முப்பது வயதில் உயில் எழுதினால் மரணத்தை வலிய அழைப்பதாகும் என்று வீட்டார் தடுத்துவிட்ட இளம் கைம்பெண்? பிள்ளையில்லை, கணவனில்லை, மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்து, தாம்பரத்துக்கு அப்பால் கடன் வாங்கிச் சிறுவீடு ஒன்று கட்டி, முதிய தாயைக் கூட வைத்துக் காப்பாற்றும் செவிலி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். நாளை அவள் உயிலின்றி மறைந்தால், கடனுக்குத் துணை நின்ற தாய், வாசலில் வந்து நிற்கும் மைத்துனனிடம் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். அம்மைத்துனனும் அண்ணியைப் போலவே உயிலின்றி மாண்டால், அவன் தாய்க்குப் பங்குண்டு. அவன் உயில் எழுதவேண்டும் என்று யாரும் அறிவுரை கூறவில்லை. அவனுக்குத் தேவையுமில்லை, சட்டமே அவனுக்காக எழுதி வைத்திருக்கிறது.

வாரிசுரிமை பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலம் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. 1989-இல் சென்ற பாதை அதுதான். இன்று கேட்பது பெரிதொன்றுமில்லை: ஆண் இறந்தால் என்ன வரிசையோ, பெண் இறந்தாலும் அதே வரிசை. மகளின் தாய், மகனின் தாயோடு முதல் வரிசைக்கு வரட்டும். வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் சட்டமன்ற உறுப்பினரை நிறுத்தி, "பதினைந்தாம் பிரிவைப் படித்ததுண்டா, ஐயா?" என்று கேளுங்கள். படிக்கவில்லை என்றால் இவ்விதழைக் கையில் கொடுங்கள்.