கருவுற்றிருப்பது குற்றமா?

"டீச்சர், நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?"

சென்ற மாதம் என் முன்னாள் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவள். இன்று கணக்கியல் பட்டதாரி. திருமணமாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. தனியார் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருக்கிறாள். சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "விரைவில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்று வினவினாராம். "உண்டு" என்று உண்மையைச் சொன்னாள். அத்துடன் பேச்சு முடிந்தது, வேலையும் கைநழுவியது. வெளியே காத்திருந்த ஆடவர் இருவரிடம் விசாரித்தாளாம். அவர்களிடம் இக்கேள்வி கேட்கப்படவே இல்லை!

இதைத் தட்டிக் கேட்க நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் இருக்கிறது. ஆனால், அது அவள் நின்ற வாசல்வரை வரவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

மலேசியா 1995ஆம் ஆண்டில் பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2001ஆம் ஆண்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆவது விதியில் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றோடு பாலினத்தின் பெயராலும் பாகுபாடு கூடாது என்று அது விதித்தது. அன்று மகிழ்ந்தோரில் நானும் ஒருத்தி. அவ்விதியின் எல்லை எதுவரை என்பது பின்னர்தான் புரிந்தது.

கருவுற்றதும் பணி விலக வேண்டும் என்ற கூட்டு ஒப்பந்த நிபந்தனைக்கு இணங்க மறுத்ததால், 1991ஆம் ஆண்டில் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் கூட்டரசு நீதிமன்றம்வரை போராடினார். அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு அரசின் செயல்களுக்கு எதிரானதே. தனியார் உறவுகளுக்கு அது பொருந்தாது என்று 2005ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. பதினான்கு ஆண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான்.

அடுத்த வழக்கு நம் ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டில் தற்காலிக ஆசிரியையாகப் பணியமர்த்தப்பட்ட ஒருவர், தாம் கருவுற்றிருப்பதைத் தெரிவித்ததும் அவருடைய நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் இதனைப் பாலினப் பாகுபாடு என்று அறிவித்தது. அவர் வென்றதற்குக் காரணம், எதிரே நின்றது அரசு. ஆயினும், 3 இலட்சம் ரிங்கிட்டாக மதிப்பிடப்பட்ட இழப்பீடு பின்னர் 30 ஆயிரமாகக் குறைக்கப்பட்டது.

2014ஆம் ஆண்டில் மற்றோர் அடி விழுந்தது. பயிற்சிக் காலத்தில் கருவுறக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லுபடியாகும் என்றது. ஐக்கிய நாட்டு உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாக இயற்றப்படாததால், அதற்கு இங்கே சட்ட வலிமை இல்லை என்றும் கூறியது. உலக அரங்கில் கையெழுத்திட்டுவிட்டு வீட்டில் சட்டமியற்றாமல் விட்டதன் விளைவு இது.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. கருவுற்றவரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறுகளை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் அளித்தது. அவருடைய உத்தரவை மீறினால் 50 ஆயிரம் ரிங்கிட்வரை அபராதம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால், அச்சட்டம் பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராற்றை. வேலை கேட்டு வந்தவள் தொழிலாளி ஆகவில்லையே! பாகுபாடு என்றால் என்ன என்ற விளக்கமும் அதில் தரப்படவில்லை.

முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. "மூன்று மாதச் சம்பளத்தையும் நாங்களே கொடுத்து, மாற்று ஆளுக்கும் செலவிட வேண்டும். சிறு நிறுவனங்கள் என்ன செய்யும்?" இவ்வாதத்தை நான் ஒதுக்கிவிடமாட்டேன். மகப்பேற்றுச் செலவு முழுவதும் ஒரு முதலாளியின் தலையில் விழுந்தால், அவர் பெண்ணைக் கண்டு அஞ்சத்தான் செய்வார். அதற்குத் தீர்வு பெண்ணை விலக்குவதா? சொக்சோ போன்ற பொதுநிதியிலிருந்து அச்செலவை ஏற்கலாமே! தந்தைக்கு 7 நாள், தாய்க்கு 98 நாள் என்ற இடைவெளியையும் குறைக்க வேண்டும். குழந்தை பிறந்தால் ஆணும் விடுப்பெடுப்பான் என்ற நிலை வந்தால், அந்தக் கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்பதில் பொருளிராது.

நம்மவர்களும் இதில் தூயவர்கள் அல்லர். பால்மரக் காடுகளில் நிறைமாதம்வரை உழைத்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மீண்டும் வெட்டுக்குப் போன பெண்களின் வழிவந்தவர்கள் நாம். அப்படியிருந்தும், கடை வைத்திருக்கும் நம்மவர் எத்தனை பேர் "கல்யாணமான பொண்ணு வேண்டாம்" என்கின்றனர்? ஆசிரியர் அறையில் சக ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றபோது, "பாட வேளையெல்லாம் நம் தலையில்தான்" என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி. அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

ஆகவே, தேவைப்படுவது முழுமையான பாலினச் சமத்துவச் சட்டம். அது அரசையும் தனியாரையும் ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டும். விளம்பரம், நேர்முகம், நியமனம் ஆகிய எல்லாப் படிகளையும் அது தழுவ வேண்டும். கருவுறுதலின் பெயரால் நிகழும் பாகுபாட்டை வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் ஆள்சேர்ப்பும் கருவுறுதலும் இடம்பெற்றிருக்கின்றன. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

என் மாணவிக்கு நான் என்ன பதில் சொன்னேன்? நன்னெறிப் பாடத்தில் உண்மை பேசு என்று கற்பித்தவள் நான். "நீ செய்தது சரிதான் அம்மா" என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, "ஆனா டீச்சர், வர்ற வாரம் இன்னொரு இன்டர்வியூ இருக்கே..." என்றாள்.

அதற்கு என்னிடம் பதிலில்லை. பதில் சொல்ல வேண்டியது நாடாளுமன்றம்.