சந்தை திறக்கும்போது சம்பளத்தையும் காப்போம்

அயல் நாடுகள் ஒரே சந்தையாக இணைந்தால் வர்த்தகம் பெருகும், வேலைவாய்ப்புக் கூடும் என்கிறோம். அது உண்மையே. ஆனால், ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்காகக் கட்டியெழுப்பிய சமூக நலன்புரி ஏற்பாடுகள் அப்போது என்னவாகும் என்பதையும் நாம் கேட்க வேண்டும். சுவீடனில் எழுந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம்.

சுவீடனில் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சட்டம் இல்லை. தொழிற்சங்கங்களும் தொழில் வழங்குநர்களும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களே சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய அதே சொல்தான். விபத்துக் காப்புறுதி, மேலதிக ஓய்வூதியம் போன்றவையும் அந்த ஒப்பந்தங்களிலேயே தங்கியுள்ளன.

1995 முதல் சுவீடன் அங்கம் வகிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 மே மாதம் லத்வியாவும் இணைந்தது. அதே ஆண்டில் லவால் என்ற லத்விய நிறுவனம், வக்ஸ்ஹோல்ம் நகரின் பாடசாலைக் கட்டட வேலைக்குத் தன் நாட்டுத் தொழிலாளரை அனுப்பியது. சுவீடன் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் ஏற்படாததால் சங்கம் வேலைத்தளத்தை முடக்கியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2007 டிசெம்பரில் தீர்ப்பு வந்தது. தொழிற்சங்க நடவடிக்கை அடிப்படை உரிமையே. ஆயினும் இந்த முடக்கம், எல்லை கடந்து சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு முரணானது என்றது நீதிமன்றம்.

லத்வியத் தொழிலாளியை நான் குறைகூற மாட்டேன். குடும்பத்துக்காக மத்திய கிழக்கில் உழைப்பவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் கொடுக்க இடமளிப்பதே தவறு. அப்போது உள்ளூர்த் தொழிலாளியின் பாதுகாப்பும் சரியும். வந்தவர்மீது வெறுப்பும் வளரும். ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கொள்கைக்கேற்ப ஒன்றியம் தன் விதிகளைத் திருத்தியது 2018இல்தான். இடையில் 14 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்தியாவுடனான எமது சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு முதல் பொருட்களுக்கு நடைமுறையில் உள்ளது. அதனைச் சேவைகளுக்கும் விரிவாக்கும் பேச்சுகள் நடந்துள்ளன. கதவைத் திறக்க வேண்டாம் என நான் கூறவில்லை. வருபவருக்கும் இருப்பவருக்கும் ஒரே சம்பளம், ஒரே பாதுகாப்பு என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிட்டுத் திறப்போம் என்கிறேன். வெள்ளம் வருமுன் அணை கட்டுவதே அறிவுடைமை.