மன்னிப்பு ஏன் 36 ஆண்டுகள் பிந்தியது?

றொபேர்ட் மியூர் ஒரு யோர்தா யோர்தா பூர்வகுடி மகன். மெல்பேர்ணின் சென் கில்டா கழகத்துக்காக 1974 முதல் 1984 வரை, இடைவெளிகளோடு, 68 போட்டிகளில் விளையாடிய அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட வீரர். நட்சத்திரப் பட்டியல்களில் அவர் பெயர் இல்லை. நினைவு வைத்திருந்தவர்களுக்கும் அவர் மைதானத்தில் மோதுகின்ற, பல தடவைகள் போட்டித்தடை பெற்ற ஒரு 'விசர் நாய்'. அவருக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர் அதுதான்.

அவர் ஏன் மோதினார்? 2020 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி அதை அவரிடமே கேட்டது. நிறத்தைச் சொல்லி வசைபாடியதையும், பார்வையாளர்கள் துப்பியதையும், சொந்தக் கழகத்துக்குள்ளேயே அவமதிக்கப்பட்டதையும் அவர் விவரித்தார். கட்டுரை வெளியானதும் கழகமும் ஏஎஃப்எல் நிர்வாகமும் மன்னிப்புக் கோரின.

அந்த வேகம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நீண்ட விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. அப்படியானால் 36 ஆண்டுகளாக இல்லாதிருந்தது ஆதாரமா, கேட்பதற்கான விருப்பமா?

விடையின் ஒரு பகுதி விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அடித்தால் தண்டனை உண்டு. இனவசைக்கு அன்று தனி விதியே இல்லை. 1993இல் அதே கழகத்தின் நிக்கி வின்மார், கொலிங்வூட் ரசிகர்கள் முன் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டினார். 1995இல் மைக்கல் லோங் முறையிட்ட பிறகே ஏஎஃப்எல் இனவசைக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. மியூர் ஆடிய காலத்தில் அவரின் பதிலடி மட்டும் குற்றமாகப் பதிவானது. அதைத் தூண்டியது எந்தக் கோவையிலும் ஏறவில்லை.

ஊடகக் கல்வி படித்தவள் என்ற வகையில் எங்கள் தொழிலையும் இதிலிருந்து விலக்க முடியாது. தடைக்காலத்தை எண்ணி எழுதுவது சுலபம். தடை பெற்றவரின் வீட்டுக் கதவைத் தட்டி, என்ன நடந்தது என்று கேட்பதற்குத்தான் நேரமும் மனமும் வேண்டும்.

பதிவை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே குற்றவாளி யார் என்பது தீர்மானமாகிறது. இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மியூரின் கதை சொல்லும் மேலதிக பாடம் ஒன்று உண்டு: பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே அவரது சாட்சியம் முழுமையாகப் பதிவாக வேண்டும். மன்னிப்பு பிந்தி வந்தாலும், அதைக் காதால் கேட்க மியூர் இருந்தார். எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.